வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவள் நான். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. பொறுமை மட்டும் கிடையாது. "அம்பிகா கடைக்கா? திட்டு வாங்கிக்கினுதான் வரணும்" என்று சொல்லிக்கொண்டே வல்லம் பக்கத்து ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள்.

மெயில் ஐடி என்றால் அவர்களுக்கு ரேஷன் கார்டு மாதிரி. வீட்டுக்கு ஒன்று. மகன் வண்டி நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், அண்ணன் பாஸ்போர்ட்டும் தங்கை காலேஜ் சீட்டும் அதிலேயே ஓடும். ஆளுக்கொன்று திறந்துகொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். "எதுக்கும்மா, நாங்க இன்னா பாகம் பிரிஞ்சா போய்ட்டோம்?" என்பார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளியம்மாள் வீடும் அப்படித்தான். புருஷன் செத்துப்போய் ரொம்ப காலம். மகன் தீனதயாளன், மகள் சூர்யகலா. டச் போன் வந்தபோது மூன்று பேர் போனிலும் அந்த ஒரே மெயிலைப் போட்டுக்கொண்டார்கள். சூர்யகலா என் கடையில் டைப்பிங் வேலை பார்த்தவள். கீ போர்டைப் பார்க்காமல் தமிழ் அடிப்பாள். காலனித் தெரு தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு அவள் ஊரை விட்டுப் போன மறுநாள், "கண்ல பட்டா ரெண்டு பேரையும் வெட்டிட்டுத்தான் மறுவேலை" என்று தீனதயாளன் ஊர் நடுவில் நின்று சொன்னான். வெறும் வாய்ச்சவடால் விடுகிற ஆள் இல்லை அவன். ஊருக்கே தெரியும்.

விழுப்புரத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தார்கள். அங்கேயும் ஆட்களோடு வந்து நின்றான். இரண்டு பேரும் பின்சுவர் ஏறிக் குதித்துத் தப்பித்தார்கள். யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டாள்.

"எப்பிடிக்கா தெரிஞ்சிது? ஒரு ஈ காக்காகிட்ட கூட சொல்லலியே."

"உன் போன்ல எந்த மெயிலுடி இருக்குது?"

"நம்ம வீட்டு மெயிலுதான்."

தலையில் அடித்துக்கொண்டேன். இவள் எடுத்த படமெல்லாம் அந்த மெயிலில் ஏறி, அண்ணன் போனுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கோலம் போட்டேன் என்று வாசலைப் படம் பிடித்திருக்கிறாள். எந்தத் தெரு என்பது வரைக்கும் அதில் இருந்திருக்கிறது. "போனை வித்துத் தொலை. அந்த மெயிலத் தலைமுழுகிடு" என்றேன்.

"அப்பா போட்டோ அதுலதான்க்கா இருக்குது. வேற எங்கயும் இல்ல" என்று அழுதாள்.

"உசுரு வேணுமா, போட்டோ வேணுமா?" என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு அதே பைத்தியமாகிவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எந்த மெயில் நல்ல மெயில் என்று தேடினேன். எடுத்த எடுப்பில் எல்லோரும் போன் நம்பர்தான் கேட்டார்கள். நம்பர் கொடுத்தால் பேர் வரும், பேர் வந்தால் ஊர் வரும். ஒரு கம்பெனி உங்கள் பழைய மெயில், பழைய படம், பழைய விலாசம் எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றது. அடப்பாவிகளா, அதை விட்டுவிட்டு ஓடத்தானே இத்தனை பாடு! கடைசியில் ஏதோ ஒரு குளிர்தேசத்துச் சின்னக் கம்பெனி கிடைத்தது. போன் நம்பர் வேண்டாம். விளம்பரம் கிடையாது. நாம் எழுதுவது பூட்டிய பெட்டியாகத்தான் அங்கே கிடக்கும், அவர்களாலேயே படிக்க முடியாது. பாஸ்வேர்டை மறந்தால் காலில் விழுந்தாலும் திறந்து தர மாட்டார்கள். எனக்குப் பிடித்துப்போனது.

எனக்கொன்று, அவளுக்கொன்று திறந்தேன். அடுத்த தடவை அவள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டபோது பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தேன். ஊர் பேர் எழுதக் கூடாது. படித்தவுடன் இரண்டு பக்கமும் அழித்துவிட வேண்டும். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று நானும் கேட்கவில்லை. தெரியாதவளை அடித்துக் கேட்டாலும் ஒன்றும் வராது அல்லவா.

கிளியம்மாள் மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு வருவாள். திரும்பும்போது மடியில் கொஞ்சம் மல்லாட்டையோடு என் கடையில் வந்து உட்கார்ந்து, எனக்குக் கடலையை உரித்துக் கொடுப்பாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எதனா வந்துதா பாப்பா?" என்பாள். நான் படித்துக் காட்டுவேன். நன்றாக இருக்கிறோம் என்ற வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்வாள். சூர்யகலா முழுகாமல் இருக்கிறாள் என்று வந்த அன்றைக்கு, "கேப்பைக் கூழு குடிக்கறாளா, கேட்டு எழுது" என்றாள். எழுதினேன்.

குழந்தை பிறந்து படம் வந்தது. பெண் குழந்தை. கிளியம்மாள் வருகிற நாள் வரைக்கும் அந்த ஒரு மெயிலை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தேன். அவள் திரையில் விரலை வைத்து அந்தக் கன்னத்தைத் தடவினாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு புடிச்சிக்கறேன் பாப்பா."

"தொட்டீங்கன்னா பாருங்க! போனை உள்ள வைங்கம்மா. உங்களுக்குப் புரியாது."

"புரியுது, புரியுது" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் சிக்கியது. நான் திரும்பி அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அவள் பஸ் ஏறப் போனதும் படத்தை அழித்தேன், மெயிலின் குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினேன்.

அந்த வாரமே தீனதயாளன் கடைக்கு வந்தான். வந்தவன் சத்தம் போடவில்லை. தன் போனில் ஒரு படத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தான். என் மானிட்டர், என் தூசி பிடித்த கீ போர்டு, நடுவில் பாயில் கிடக்கிற குழந்தை.

"அம்மா வச்சிக்கினு இருக்கறது என் பழைய போனுக்கா. மெயிலு நம்ம வீட்டு மெயிலு" என்றான்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். குழந்தையை அல்ல, அதற்குப் பின்னால் இருந்த சுவரை. தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. மங்கை ஸ்டீல் பர்னிச்சர், துறையூர். சுவரில் ஒரு காலண்டர் இல்லாமல் நம் ஜனங்களுக்கு இருப்புக் கொள்ளாதே. வருஷம் பிறந்தால் ஊர்க் கடைக்காரன் கொடுக்கிறதை வாங்கி முதல் ஆணியில் மாட்டுகிறோம். ஒளிந்து வாழப் போனவளும் மாட்டியிருக்கிறாள். மறைக்க வேண்டியதை எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்த என் கண்ணிலும் அது படவில்லை.

"தொறையூருக்கு எந்த மார்க்கமாக்கா போவணும்?" என்று சிரித்தான்.

"நாசமாப் போவ! உன் தங்கச்சிடா அவ. கையில கொழந்தடா!"

"அதனாலதான்க்கா போறேன்" என்றான். வெளியே கார் நின்றிருந்தது.

பாஸ்வேர்டை முதலில் தப்பாக அடித்தேன். "உடனே கெளம்பு. அம்மா போன்ல படம் புடிச்சிட்டாங்க. காலண்டர்ல ஊர் பேர் இருக்குது" என்று அனுப்பினேன். அவள் எப்போது மெயில் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. நம்பர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்று நான்தானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இப்போது கூப்பிட ஒரு நம்பர் இல்லை. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் ஒன்றும் காதில் விழவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. "கெளம்பிட்டோம்க்கா. எங்கன்னு எழுதல. இந்த மெயிலையும் மூடிடறேன். தேடாதீங்க. அம்மாவத் திட்டாதீங்க."

மறுநாள் மனசு கேட்காமல் "சேந்தாச்சா?" என்று அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. காரில் போன தீனதயாளன் வெறுங்கையோடு வந்துவிட்டான், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வல்லத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அடுத்த முறை கிளியம்மாள் வந்தபோது, அவளைக் கிழிகிழியென்று கிழிப்பதற்கு எல்லா வார்த்தையும் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். அவள் உட்காரக்கூட இல்லை. போனை என் கையில் திணித்தாள்.

"திட்டாத பாப்பா. அன்னிக்கி நீ அந்தாண்ட திரும்பனப்போ ஒண்ணு புடிச்சிக்கினேன். தெனம் பாத்துக்கினுதான் இருந்தேன். திடீர்னு காணோம். சாமி சத்தியமா நான் எதையும் அமுக்கல. கொஞ்சம் தேடிக் குடும்மா."

தேடினேன். மூன்று போனுக்கும் மெயில் ஒன்றுதான். மகன் தன் போனில் அழித்தால் அம்மா போனிலும் அழியும். அழித்தவன் குப்பைத்தொட்டியையும் விட்டுவைக்கவில்லை. தன் போனால் என்ன நடந்தது என்பதே இவளுக்குத் தெரியாது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"போனு கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

"போவட்டும். உங்கிட்ட இருக்குமே?"

"அழிச்சிட்டேன்."

"அவ வேற அனுப்புவா இல்ல?"

"அனுப்புவா."

போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு மங்கல் பாப்பா. நீ நல்லாப் பாத்தியே. கொழந்த யாரு ஜாடை?" என்றாள்.

நினைத்து நினைத்துப் பார்த்தேன். காலண்டர்தான் கண்முன் வந்தது. சிவப்பு எழுத்து, கீழே கடையின் பேர், ஊர். குழந்தையின் முகம் வரவே இல்லை.

"உங்க ஜாடைதாம்மா. அப்பிடியே" என்றேன்.

கிளியம்மாள் இரண்டு கையாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.