தங்கையின் பச்சை அட்டை

அக்கா விழுங்கிய மாத்திரைகள் தங்கையின் உடம்பில்தான் வேலை செய்தன. குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராமல் போன வாரத்தில் இது தெரியவந்தது. அக்காவுக்கு வயது அறுபத்து நான்கு. ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக மூன்று மாதம் என்று இந்த நாட்டுக்கு வந்தவள், இருபத்தொரு வருடம் இருந்துவிட்டாள். அன்று பிறந்த பிள்ளை படித்து வேலைக்கே போய்விட்டான். அக்காவின் பெயரில் மட்டும் இன்னும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தங்கைக்குப் பதிவு உண்டு, முகவரி உண்டு, அரசு மருத்துவமனையின் பச்சை அட்டையும் உண்டு. அக்காவுக்கு நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் வலி வந்ததும் தங்கை யோசிக்கவே இல்லை. இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நரை. “என் அட்டைய எடுத்துட்டுப் போக்கா. யாரு உத்துப் பாக்கப் போறா?” என்றாள்.

யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நர்ஸ் அக்காவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது, நான்கு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த தங்கையின் கையில் நீலமாக ஒரு வளையம் விழுந்தது. ஊசி குத்திய தடமும் அவள் முழங்கை மடிப்பில்தான் இருந்தது. அக்கா வேளை தவறாமல் மாத்திரை போட்டாள். நன்றாக இருந்த தங்கையின் அழுத்தம் மளமளவென்று இறங்கி, அவள் அண்டாவுக்குள்ளேயே தலைகுப்புற விழுந்தாள். அக்காவின் வலி இம்மியும் குறையவில்லை. சரி, மாற்றித்தான் பார்ப்போமே என்று தங்கை அந்த மாத்திரையை விழுங்கினாள். அதுவும் தங்கைக்கே போனது. “அட்டையில யாரு பேரோ அவங்களுக்குத்தான் போய்ச் சேருது” என்று தபால்காரரைக் குறை சொல்கிறவள்போல் சொன்னாள்.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. அக்கா மேசையில் படுத்தால் தங்கையின் நல்ல நெஞ்சு பிளக்கும். படுக்காவிட்டால் இரண்டு மாதம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தப் பெயரைச் சொன்னாலோ பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சலவைக்கூடத்தில் ஒருத்தி பல் பிடுங்கப் போனவள், திரும்பி வரவே இல்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்ததில், வெள்ளை விரிப்புகளில் பழுப்புத் தீய்ச்சல் விழுந்தது.

“நான் போனாப் போறேன்டி. உன்ன அறுக்க விடமாட்டேன்.”

“வாயக் கழுவுக்கா” என்று தங்கை அழுதாள்.

செவ்வாய்க்கிழமை அக்கா பையில் இரண்டு மாற்றுத்துணியும் ஒரு சீப்பும் எடுத்துவைத்தாள். வார்டுக்கும் ஆகும், விமானத்துக்கும் ஆகும். பச்சை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டாள். மருத்துவமனைக் கவுண்டரில் அட்டை கேட்டபோது இல்லை என்றாள். இருபத்தொரு வருடமாக எந்த அந்நியரிடமும் சொல்லாத தன் பெயரைச் சொன்னாள். சொன்ன கையோடு வாசல் எத்தனை அடி தூரம் என்று பார்த்துக்கொண்டாள்.

கவுண்டர்க்காரி நிமிரவில்லை. “இதுவரைக்கும் மருந்தெல்லாம் யாரு உடம்புக்குப் போச்சு?”

“தங்கச்சிக்கு.”

“இந்த மாசம் நீங்க ஒன்பதாவது ஆளு. அதுக்குன்னே ஒரு கட்டம் போட்டுட்டோம்” என்று படிவத்தில் குறித்தாள்.

“போலீசுக்குச் சொல்லுவீங்களாம்மா?”

“எழுதறதுதாம்மா என் வேலை. போய் உக்காருங்க.”

அது ஆறுதலா, மிரட்டலா என்று அக்காவுக்கு விளங்கவில்லை. நடையில் பூட்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் பையை இறுக்கிப் பிடித்தாள். நர்ஸ் வந்து கையில் பட்டையைச் சுற்றினாள். அக்கா, கூடவே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்ற தங்கையைப் பார்த்தாள். காற்று ஏறியது. தங்கை இரண்டு கைகளையும் தூக்கித் திருப்பித் திருப்பிக் காட்டி, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

“வலிக்குதாம்மா?” என்று நர்ஸ் கேட்டாள்.

“வலிக்குது” என்றாள் அக்கா. “எனக்குத்தான் வலிக்குது.”