இரண்டாம் பந்தி

தானே புயல் எங்கள் தெருவின் மின்கம்பங்களை ஒன்றுவிடாமல் சாய்த்துவிட்டுப் போய் ஒரு வாரமாகியும் கரண்டு வரவில்லை. புவனகிரியைச் சுற்றி எல்லா ஊரிலும் இதே கதைதான். ஆனால் என் மகள் எழிலரசிக்கு வீசிங். மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் வீட்டிலேயே இருந்தது. கரண்டு இல்லாமல் அது வெறும் டப்பா. ஆறு வயதுப் பிள்ளை மூச்சுக்குத் திணறும் போதெல்லாம் நானும் என் வீட்டுக்காரர் ராபர்ட்டும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கள் சபையில் ஜெபம் நடத்துகிறவளே நான்தான். எல்லாரையும் கூட்டி மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்தேன். ஞாயிறு மாலை ஆறு மணி வரை தண்ணீர் மட்டும்தான். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டு அமராவதி அக்கா எட்டிப் பார்த்து, "இத்தினி பேரு பட்டினி கெடந்தா யாருடி வேல பாக்குறது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் லாரி வந்து நாலு கம்பங்களைத் தெருமுனையில் இறக்கியது. "ஸ்தோத்திரம்!" என்று நான் போட்ட கூச்சலில் லைன்மேன் பயந்தே போனார்.

"சேத்துல கிரேன் வராதும்மா. ஆளுங்கதான் தூக்கணும். இன்னிக்கு நட்டாதான் லைன் குடுக்க முடியும். நாளைக்கு எங்கள வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க."

அன்றைக்கு ஆருத்ரா தரிசனம். தெருவில் பாதி ஆண்கள் சிதம்பரத்தில். மீதிப் பேரும் எங்கள் சபை ஆண்களும் முதல் கம்பத்தைத் தூக்கினார்கள். இடுப்பளவு வந்ததும் ராபர்ட்டுக்குக் கால் பின்னியது. கம்பம் சேற்றில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வெளிச்சம் கேட்டு ஜெபித்த நானே, கம்பம் தூக்க வேண்டிய தோள்களையெல்லாம் பட்டினி போட்டிருந்தேன். வெட்கத்தில் அழுகை வந்தது.

அப்போது அமராவதி அக்கா ஒரு குண்டான் நிறையத் திருவாதிரைக் களியோடு வந்தாள்.

"அக்கா, சாமிக்குப் படைச்சத நாங்க சாப்புட மாட்டோம்."

"பதினஞ்சு வருசமா பக்கத்துல இருக்கேன், தெரியாதா? இன்னும் படைக்கல. எங்க வூட்டுக்காரரு சிதம்பரத்துலேருந்து வந்தப்பறம்தான் படைக்கணும். அதுக்கு முன்னாடியே தூக்கியாந்துட்டேன். துன்னுங்க."

படைப்பதற்கு முன் உப்புக்கூட ருசி பார்க்காதவள் அவள். மணி மூன்று. ஆறு மணி என்று ஆண்டவரிடம் சொன்னவள் நான். நான் கை வைக்காமல் சபையில் ஒருவரும் தொடமாட்டார்கள். எழிலரசியின் மூச்சு இழுக்கிற சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. "ஆண்டவரே, நீரே அனுப்பினீர்" என்று முதல் உருண்டையை வாயில் போட்டேன்.

பிறகு பெண்களும் கயிற்றைப் பிடித்தோம். எனக்கு முன்னால் அமராவதி அக்கா. நாலு கம்பமும் எழுந்து நின்றன.

ஏழரை மணிக்கு மெஷின் டர்ரென்று ஓடியது. எழிலரசி நிம்மதியாகத் தூங்கினாள். குண்டானைக் கழுவி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். நடராஜர் படத்துக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டிக் களி.

"இவ்ளோதான் மிச்சமாக்கா? சாமி கோச்சிக்காதா?"

"இன்னிக்கு அவருக்கு ரெண்டாம் பந்தி. வுடு."

"நீ சாப்ட்டியா?"

"சாமி சாப்புடாம நான் எப்டிடி சாப்புடுவேன்?"

காலையிலிருந்து வெறும் வயிற்றோடுதான் அவள் அந்தக் கயிற்றை இழுத்திருக்கிறாள். அவள் சூடம் ஏற்றி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன். பிறகு கையைப் பிடித்து என் வீட்டுக்கு இழுத்துவந்து, முதல் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டேன்.