எட்டடியில் தண்ணீர்

இரும்புக்கடைக்காரருக்கு அந்தக் காலி மனையை விற்றே ஆக வேண்டும். பார்த்துவிட்டுப் போன எல்லாரும் "வீட்டுல கலந்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் கலந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கடைசியில் மாட்டியவர் சொந்தச் சம்பந்தி, மகளுடைய மாமனார், துணி மொத்த வியாபாரி. அவருக்கு மேலே கடை வேண்டும், தரைக்குக் கீழே கிடங்கு வேண்டும். கீழே தண்ணீர் என்றால் கிடங்கு இல்லை. கிடங்கு இல்லையென்றால் மனை வேண்டாம். துணியையே நாலு முறை கசக்கிப் பார்த்து வாங்குகிறவர் மண்ணைச் சும்மா விடுவாரா? மண்ணைச் சோதிக்க ஒரு பெண் எஞ்சினியரை ஆட்களோடு கூட்டிவந்து இறக்கிவிட்டார்.

முக்காலி போல ஒரு இரும்புச் சட்டத்தை நிறுத்தி, குழாய்வழியே தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்துத் துளை போட்டார்கள். இடையிடையே மண்ணை எடுத்துப் பைகளில் கட்டினார்கள். மேலே களிமண், கீழே சன்ன மணல். கடைக்காரர் நிழலில் நின்றபடி ஒவ்வொரு பைக்கும் நற்சாட்சி கொடுத்தார்.

மாலையில் எஞ்சினியர் துளைக்குள் அளவு நாடாவை இறக்கிப் பார்த்து, "எட்டடியில தண்ணி நிக்குது" என்றார்.

"நிக்காம என்ன பண்ணும்?" என்றார் கடைக்காரர். "காலையிலேருந்து டிரம் டிரம்மா ஊத்தினது யாரு? உங்க தண்ணிய என் நிலத்துல ஊத்திட்டு, என் நிலத்துல தண்ணின்னா எப்படிம்மா?"

நியாயமான பேச்சுதான். எஞ்சினியரே தலையை ஆட்டினார். "இருக்கலாம் சார். ராத்திரி விட்டுப் பார்ப்போம். நாங்க ஊத்தினதா இருந்தா இறங்கிடும்."

சம்பந்தி ஒரு பையைத் திறந்து மணலைக் கசக்கிப் பார்த்தார். பேரத்தில் அவர் வாயைத் திறப்பதே கடைசியில்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சரக்கை அனுப்பினால் பின்னாலேயே ஆளையும் அனுப்பிப் பழகியவர் கடைக்காரர். இறங்குகிற வேலையைத் தண்ணீரை நம்பி விட அவருக்கு மனம் வரவில்லை. விடிவதற்கு முன்னால் கடையிலிருந்து ஒரு குறுகலான பைப்புத் துண்டை எடுத்து, அடியில் மூடி மாட்டி, கயிறு கட்டித் துளையில் விட்டார். இறைத்தார், இறைத்தார், உள்ளங்கைத் தோல் உரியும்வரை இறைத்தார். முதலில் எட்டடியிலேயே நனைந்த பைப்பு, கடைசியில் பாதிக் கயிறு உள்ளே போன பிறகே நனைந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றி, அன்றைக்கு முதல்முறை வருகிறவர் மாதிரி வந்து சேர்ந்தார்.

எஞ்சினியர் துளையைச் சுற்றிக் கிடந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி மழையா சார்?"

"லேசாத் தூறுச்சு."

"நல்லாக் குறி பார்த்துத் தூறியிருக்கு" என்றார் சம்பந்தி.

நாடா இறங்கியது. அதே எட்டடி.

"இறைச்சீங்களா சார்?" எஞ்சினியரின் குரலில் கோபம் இல்லை.

கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சும்மா, துளைய கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்."

"நல்லதாப் போச்சு. நேத்து நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நாங்க ஊத்தினது உங்க கையாலேயே வெளிய போயிடுச்சு. அப்புறம் ஊறி மேல வந்தது முழுக்க உங்க நிலத்துத் தண்ணி."

தன் கட்சிக்கு இருந்த ஒரே சாட்சியைத் தானே கயிறு கட்டி வெளியேற்றியது அப்போதுதான் கடைக்காரருக்கு உறைத்தது.

"அப்ப கிடங்கு கட்டவே முடியாதா?" என்று கேட்டார் சம்பந்தி.

"முடியும் சார். தண்ணி புகாத மாதிரி கனமா கான்கிரீட் போடணும். அது இறுகி முடியற வரைக்கும் ராப்பகலா மோட்டார் வச்சு இறைக்கணும். செலவுதான்."

சம்பந்தி சேற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மனைய எடுத்துக்கறேன் சம்பந்தி. பேசின விலைதான், குறைக்கச் சொல்லல. கான்கிரீட் என் பொறுப்பு. இறைக்கிறது மட்டும் உங்க பொறுப்பு. உங்களுக்குத்தான் கை பழகியிருக்கே."

கடைக்காரர் உரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வேறு ஆள் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அது சம்பந்திக்கும் தெரியும்.

"சரி" என்றார். "மோட்டார் என்னுது. டீசல் உங்களுதுதானே?"