வலது காலி, இடது காலி

எங்கள் வீட்டுச் சந்து மாவட்டச் சாலையில் போய்ச் சேரும் இடத்தில் என் கணவர் காரை நிறுத்துவார். நான் முன்னால் சாய்ந்து இரண்டு பக்கமும் பார்ப்பேன். "வலது காலி, இடது காலி. போங்க" என்பேன். அவர் போவார்.

இது எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் செய்கிறேன் என்று சொல்லவில்லை. என் கணவர் ரியோஸோவுக்கு எழுபத்தொன்பது வயது. கழுத்து பாதிதான் திரும்பும். வலது கண்ணின் ஓரத்தில் பார்வை குறைந்துகொண்டே வருகிறது என்று கண் மருத்துவர் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வெளியே வந்ததும், "வயசானா எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

இந்தப் பள்ளத்தாக்கில் என் வயதுப் பெண்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பெண்கள் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் சந்தித்தால் சிரிக்கிறோம். "நேத்து எங்க வீட்டுக்காரர் என் கண்ணை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போயிட்டு வந்தாரு" என்று ஒருத்தி சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நெஞ்சில் கசந்தது.

வசந்தத்தில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க, எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வைக்கும் ஞாபகப் பரிசோதனை வந்தது. பதினாறு படங்களைக் காட்டுவார்கள், கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான்தான் படங்களைக் காட்டி அவரைத் தயார் செய்தேன். மேளம், திராட்சை, பாவாடை, பீரங்கி. திராட்சையை மறந்துபோனால் "பழம்" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் தேறினார். ஓட்டுநர் பள்ளி மைதானத்திலும் நன்றாகவே ஓட்டிக் காட்டினார். அந்த மைதானத்தில் குறுக்கே யாரும் வருவதில்லை.

"அந்த வாத்தியாரு அசந்துட்டான். அறுபது வயசுக்காரன்கூட இப்படி ஓட்டமாட்டான்னான்."

"அப்படியா சொன்னாரு?"

"சொல்லல. மூஞ்சில தெரிஞ்சுது."

ஹிரோஷிமாவில் இருக்கும் எங்கள் மகள் மிஹோ ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"அம்மா, அப்பாவ லைசென்ஸத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா போன வெச்சிடுறாரு. நீதான் கூடவே இருக்க."

கூடவே இருப்பவள்தான். ஆனால் அவள் கேட்காத ஒன்று உண்டு. மலைக்கு அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் என் அக்கா சியோகோ இருக்கிறாள். வியாழன்தோறும் அவளைப் பார்க்கப் போகிறேன். ஊர்ப் பேருந்து மலையைத் தாண்டுவதில்லை. ரயில் நிலையம் வரை போய், இன்னொரு பேருந்து மாறி, சுற்றிக்கொண்டு போனால் பாதி நாள் அதிலேயே போய்விடும். கார் நின்றால் அக்காவும் தூரமாகிவிடுவாள். அதனால் ஒவ்வொரு வியாழனும் நான் காரில் ஏறி, வலது காலி, இடது காலி என்றேன். என் அக்காவுக்காகத்தான் சொல்கிறேனா, அவருக்காகவா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டால் பதில் குழம்பிப் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இலையுதிர்காலத்து வெயில் கண்ணாடிக்கு நேரே அடித்தது. பையிலிருந்து ஒரு ஆரஞ்சு உருண்டு என் காலடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது கோயில் படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோட்டில், சிறு கைவண்டியைத் தள்ளியபடி எங்கள் ஊர் ஒனிஷி அம்மா நடந்துகொண்டிருந்தாள்.

"நில்லுங்க, நில்லுங்க."

கார் குலுங்கி நின்றது. கைவண்டிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்திருக்கும். ஒனிஷி அம்மா அப்படியே உறைந்து நின்றாள். பிறகு இடுப்பு வளையக் குனிந்து காருக்கு வணக்கம் சொன்னாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. என் கணவர் உள்ளேயிருந்து கையைத் தூக்கி, பரவாயில்லை என்பதுபோல் அசைத்தார்.

"பாத்தியா," என்றார், அவள் கடந்து போன பிறகு. "அவளே தன் தப்புன்னு கும்பிட்டுட்டா."

"அது வெள்ளைக் கோடு. அவங்க நடக்குற இடம்."

"நடக்குறவங்களும் பாத்துத்தான் நடக்கணும். நீ குனிஞ்சு என்ன தேடின?"

ஆரஞ்சைத் திரும்பப் பையில் போட்டேன். அவர் கேட்டதில் இருந்த அர்த்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் குனிந்திருக்கக்கூடாது. அப்படியென்றால் இந்தக் காரை ஓட்டியது யார்?

அன்று சாயங்காலம் ஒனிஷி அம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். தன் தோட்டத்து முள்ளங்கி மூன்றைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"உங்களப் பயமுறுத்திட்டேன். மன்னிக்கணும். இந்தக் கால் சட்டுன்னு நகர மாட்டேங்குது."

"பரவால்ல, ஒனிஷி அம்மா," என்றார் என் கணவர், பெரிய மனதோடு. "அடுத்த தடவ கொஞ்சம் பாத்து வாங்க."

"இல்ல, தப்பு எங்களோடது" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. என்னோடதுதான்."

"நிஜமாவே எங்களோடதுதான், ஒனிஷி அம்மா."

"நீங்க எப்பவும் இப்படித்தான், இகுகோ அம்மா. என்ன ஒரு தன்மை." மறுபடியும் குனிந்தாள்.

எங்கள் ஊரில் தப்பு என்னுடையது என்பது ஒரு மரியாதைச் சொல். காலை மிதித்தவரும் சொல்வார், மிதிபட்டவரும் சொல்வார். நான் இரண்டு தடவை உண்மையைச் சொன்னேன். இரண்டு தடவையும் அது நல்ல குணமாக மாறிப் போயிற்று. கடைசியில் நானும் குனிந்து வணங்கி முள்ளங்கியை வாங்கிக்கொண்டேன். அதைச் சமைக்கும்போது, அவள் செத்துப்போயிருந்தால்கூட அவள் வீட்டிலிருந்து யாராவது வந்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

இரவு அவர் அந்த முள்ளங்கியை ருசித்துச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. அக்காவுக்குச் சேப்பங்கிழங்கு வேகவைத்து டப்பாவில் போட்டிருந்தேன். அவர் காரைக் கிளப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நான் டப்பாவை ஜன்னல் வழியாகப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு விலகி நின்றேன்.

"ஏய், ஏறு."

"நான் வரல."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இனிமே நான் உங்க கார்ல ஏறமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அல்லது பார்த்ததாக நினைத்தேன். அவர் பார்வை என் தோளுக்குச் சற்று ஓரமாக நின்றது. "உங்க அக்காவப் பாக்கவேண்டாமா?"

"பாக்கணும்."

"அப்ப என்ன இது விளையாட்டு? நீ ஒரு ஆள் ஏறலன்னா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா? ஐம்பது வருஷமா ஓட்டுறேன். நானே போய்க் குடுத்துட்டு வரேன்."

"போங்க."

கார் சந்தில் நகர்ந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். சாலையோடு சேரும் இடத்தில் வழக்கம்போல் நின்றது. இடப்பக்க விளக்கு மின்னத் தொடங்கியது.

அறுவடை முடிந்த வயல்கள் என்பதால் நான் நின்ற இடத்திலிருந்தே சாலை இரண்டு பக்கமும் தெரிந்தது. ஒரு வண்டி கிடையாது. வலது காலி. இடது காலி. கார் நகரவில்லை. ஒரு தபால்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து கடந்து போனது. மறுபடியும் சாலை காலி. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. பின்கண்ணாடியில் அவர் தலை தெரிந்தது. அது கொஞ்சம் வலப்பக்கம் போய் நின்றது, திரும்பி நேரானது, மறுபடி முயன்றது.

சொற்கள் என் தொண்டை வரை வந்துவிட்டன. கத்தினால் அவருக்குக் கேட்கும் தூரம்தான். சொன்னால் அவர் போய்விடுவார், மலையைத் தாண்டுவதற்குள் எத்தனையோ சந்திப்புகள் இருக்கின்றன. அடுத்த வியாழன் நான் ஏறி உட்கார்ந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். இரக்கம் வரவில்லை. இத்தனை நாள் என்னை இப்படி வைத்திருந்தாரே என்ற எரிச்சல்தான் வந்தது. பிறகு இரக்கமும் வந்தது, அதைவிட அதிக எரிச்சலோடு.

விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. அவர் இறங்கி, சேப்பங்கிழங்கு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தில் நடந்து வந்தார். கார் அங்கேயே முனையில் நின்றது.

"அக்காவுக்கு போன் பண்ணு," என்றார் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "கார் ரிப்பேர், இன்னிக்கு வரலன்னு சொல்லு."

நான் இல்லத்தின் எண்ணை அழுத்தினேன். அவர் அறைக்குள் போகாமல் அங்கேயே நின்றார். இல்லத்துப் பெண் அக்காவிடம் போனைக் கொண்டுபோய்க் கொடுக்க நேரமானது.

"இகுகோவா? கிளம்பிட்டீங்களா?"

"இல்ல, அக்கா. அவருக்குக் கண்ணு சரியில்ல. இனிமே அவரு ஓட்டமாட்டாரு. நான் ரெண்டு பஸ் மாறி வரேன், அடிக்கடி முடியாது."

"உனக்குச் சிரமம்டி. மன்னிச்சுக்கோ, எல்லாம் என்னாலதான்."

"உன்னால இல்ல," என்றேன். இந்தத் தடவை மரியாதைக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் மறுத்துப் பேசவில்லை.

போனை வைத்துத் திரும்பினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கார் நடு வழில நிக்குது," என்றார். "யாராச்சும் வந்தா இடிப்பான்."

"ஆமா."

"பின்னாடி எடுக்கணும். நீ வந்து பின்னால பாத்துச் சொன்னா—"

"சொல்லமாட்டேன்."

அவர் கையிலிருந்த சாவியைச் செருப்பு அலமாரி மேல் வைத்தார். எறியவில்லை, வைத்தார். நான் வண்டி பழுதும் பார்க்கும் பெட்ரோல் பங்குக்கு போன் செய்து, யாரையாவது அனுப்பி எங்கள் காரை உள்ளே கொண்டுவந்து விட முடியுமா என்று கேட்டேன். ரிப்பேரா என்று கேட்டார்கள். இல்லை, கார் நன்றாக இருக்கிறது என்றேன்.