நூற்று அறுபதாம் சுற்றில் முன்னேஸ்வரம்

இராசையாவின் படகு இயந்திரம் நின்று மூன்று நாள் கடலில் கிடந்தபோது, பவளம் உடப்புக் கரையில் நின்று முன்னேஸ்வரம் சிவனுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். வைத்தவள் தன்னோடு நிறுத்தினாளா? "அவர் உசிரோட வந்தா, தேரண்டைக்கு நாங்க ரெண்டு பேரும் முன்னேஸ்வரத்துக்கு நடந்தே வாறம்" என்று, கேளாமல் கொள்ளாமல் புருஷனின் காலையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டாள். நான்காம் நாள் கரைக்கு வந்த இராசையா விஷயத்தைக் கேட்டு, "பதினாறு கட்டையா?" என்று, அத்தனை மைலையும் நினைத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தேர் நாளும் வந்தது. விடிய எழும்பிக் குளித்து, திருநீறு பூசி வெளிக்கிட்டால், ஊர் எல்லையில் தடை. எங்கோ குண்டு வெடித்ததாம். ஒரு குஞ்சு குருமானும் வெளியே போகக்கூடாதாம். சண்டைக் காலத்தில் றோட்டை எப்போது பூட்டுவார்கள், எப்போது திறப்பார்கள் என்று அந்த ஈசுவரனுக்கே தெரியாது. இராசையாவுக்கோ சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. பவளம் தடையைவிட்டு நகரவில்லை. சொன்ன நாளில் சொன்னதைச் செய்யாவிட்டால், கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாரா? நாளைக்கு இவன் மறுபடியும் கடலுக்குப் போகிறவன்.

வழி சொன்னவள் பக்கத்து வீட்டுப் பாக்கியம்மா.

"றோட்டைத்தானே பூட்டினான்? தூரத்தைப் பூட்டேலுமா? பதினாறு கட்டையையும் நம்ம அம்மன் கோயிலைச் சுத்தி நடங்க."

கடல்காரர்களுக்கு அளக்கத் தெரியாதா என்ன? கரைவலைக் கயிற்றைக் கொண்டுவந்து திரௌபதையம்மன் கோயில் வெளிவீதியை அளந்தார்கள். கை விரித்த அளவில் எண்பத்தெட்டுப் பாகம். பத்துச் சுற்று ஒரு கட்டை. நூற்று அறுபது சுற்று முன்னேஸ்வரம். பாக்கியம்மா மடி நிறையப் புளியங்கொட்டையோடு வாசலில் குந்திக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷமாக இராசையா முன்னே, பவளம் பத்து முழம் பின்னே. அதுதான் அவர்களுடைய நடை. அன்றும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் கோயில் வீதி வளைந்த வீதி. மூன்றாம் சுற்றில் பவளம் அவனைத் தாண்டினாள். இருபதாம் சுற்றில் பின்னாலிருந்து வந்து இன்னொரு தரம் தாண்டினாள். அம்மன் சாட்சியாக அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

"ராசையா, அவ அடுத்த ஊர் ஆண்டிமுனையைத் தாண்டிட்டா, நீ இன்னும் ஊருக்குள்ளதான் நிக்கிற!" என்று கத்தினாள் பாக்கியம்மா. "ரெண்டு பேருக்கும் ரெண்டு கணக்கு என்னால வைக்க ஏலாது. நேர்த்தி ஒண்டுதானே, சேந்து நடங்க!"

பவளம் நின்றாள். அவன் ஒரு சுற்றை முடித்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு தோளோடு தோளாக நடந்தார்கள். கலியாணத்தன்று மணவறையைச் சுற்றியதோடு சரி, அப்படி நடந்ததே இல்லை. முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு காலே சிவ சிவ என்று சொல்லிக்கொண்டு போனது. ஐம்பதாம் சுற்றில் பாக்கியம்மா வழியிலுள்ள ஊரின் பேரைச் சொல்லி "பத்துளுஓயா!" என்று கூவ, யாரோ ஓடிவந்து பத்துளுஓயாத் தேத்தண்ணி என்று கொடுத்தார்கள். பவளத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த மூணு நாளும் கடல்ல ஒரு மனுசச் சத்தம் இல்ல, பவளம்," என்றான் இராசையா. "உன்ட ஏச்சு ஒண்டாவது கேக்காதா எண்டு ஏங்கிப் போனன்."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அதே மூன்று நாளும் கரையில் மேலும் கீழுமாகப் பேய் மாதிரி நடந்த கால்கள்தான் இவை. இன்று அவற்றில் பயமே இல்லை. சந்தோஷமா, தலைச்சுற்றா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

நூறாவது சுற்றில், ஊருக்கு மீன் எடுக்க வரும் மஸாஹிரின் லொறி வந்து நின்றது.

"றோட்டைத் தொறந்துட்டாங்க! ஏறுங்க அண்ணே, கொண்டுபோய் விடுறேன்."

பாக்கியம்மா உடனே தீர்ப்புச் சொன்னாள். "பத்துக் கட்டை நடந்தாச்சு. அந்தப் பத்தையும் லொறியில போங்க. மிச்சம் ஆறையும் இறங்கி நடங்க. சரிதானே?" கோயில் ஐயரே யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பவளம் இராசையாவைப் பார்த்தாள். உள்ளங்கால் கொப்பளித்துப்போனவன், பாய்ந்து ஏறப்போகிறான் என்றே நினைத்தாள்.

"லொறியில ஏறினா நீ முன் சீற்றில, நான் பின்னால மீன் பெட்டியோட," என்றான் அவன். "இன்னும் அறுபது சுத்துத்தானே. வா."

நூற்று அறுபதாம் கொட்டை விழுந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. "முன்னேஸ்வரம்!" என்று பாக்கியம்மா கூவ, ஊரே அரோகரா போட்டது. தெற்கே பார்த்துக் கைகூப்பினாள் பவளம். அவள் நின்றுவிட்டாள், கோயில் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. சாயப்போனவளின் கையை எல்லார் முன்னாலும் இறுக்கிப் பிடித்தான் இராசையா.

"கைய விடுங்க, ஆக்கள் பாக்குது."

"தேர்ச் சனத்துக்குள்ள கைய விட்டா, பிறகு உன்னை நான் எங்க போய்த் தேடுற?" என்றான் அவன்.