மாதிரித் தாள்

இறந்தவரின் உடலை உறவினரிடம் ஒப்படைக்கும் தாள் ஒரே பக்கத்துக்குள் முடிய வேண்டும். பெயர் ஒரு பக்கத்திலும் கையெழுத்து அடுத்த பக்கத்திலும் விழுந்தால் செல்லாது. ஒருவருடைய இரண்டாம் பக்கத்தை இன்னொருவருடைய முதல் பக்கத்தோடு சேர்த்துப் பின் அடித்துவிடலாம் என்பது மருத்துவமனையின் பயம். நியாயமான பயம்தான். அந்தப் பயத்தைத் தாளில் இறக்கிக் கொடுத்தது நான்.

என் வேலையை வீட்டில் யாருக்கும் உருப்படியாகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. கணினித் திரையில் தெரியும் பக்கத்தை அச்சடித்தால் அது முறையான அலுவலகத் தாளாக வர வேண்டும், அவ்வளவுதான். கேட்பவர்கள், "அதான் பிரின்ட் பட்டனை அமுக்கினா வருமே" என்பார்கள். வரும். எப்படி வரும் என்பதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. திரைக்கு அடி கிடையாது, கீழே இழுத்துக்கொண்டே போகலாம். தாளுக்கு அடி உண்டு. ஒரு பிரவுசரில் நாற்பது வரி நிற்கும் இடத்தில் இன்னொன்றில் முப்பத்தெட்டுதான் நிற்கும். தலையில் தேதியையும் காலில் இணைய முகவரியையும் தானாகப் போட்டுக்கொள்ளும், யாரும் கேட்கவில்லை. திரையில் நீலப் பட்டைமேல் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்த தலைப்பு, அச்சில் பட்டை வராததால் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகிக் காணாமல் போகும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தாளில் உயிரை வாங்கியது பெயர்க் கட்டம். சின்னப் பெயரை வைத்துச் சோதித்தால் எல்லாம் சமர்த்தாக உட்காரும். நீளப் பெயர் வந்தால் கட்டம் இரண்டு வரியாகி, கீழே உள்ளதையெல்லாம் தள்ளி, கையெழுத்துக் கோட்டை அடுத்த பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஆகவே சோதனைக்கு எனக்குத் தெரிந்ததிலேயே நீளமான பெயர் வேண்டியிருந்தது. தேடிப் போகவே இல்லை, வீட்டிலேயே இருந்தது.

அப்பாவுக்குப் பெயர் வைத்த அன்று பெரியவர்கள் மூன்று பேருக்குள் தகராறாம். யாரும் விட்டுக்கொடுக்காததால் மூன்று பெயரையும் சேர்த்தே வைத்து, முன்னால் இரண்டு முன்னெழுத்தையும் மாட்டிவிட்டார்கள். வேலை பார்த்த இடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கூட்ஸ் வண்டி'. அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் இடம் போதவில்லை என்று யாராவது பெயரைச் சுருக்கி எழுதினால் மட்டும் விட மாட்டார். "பெட்டியைக் கழட்டாதீங்க சார், முழுசா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு நகராமல் நிற்பார். பின்னால் வரிசை முனகும், பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். "உடம்பை ஒப்படைக்கிற தாளா? தாராளமா போடு. இடம் பத்துதான்னு பாரு" என்றார். அதன்பிறகு சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னைக்கு என்னை எத்தனை தடவை அனுப்பி வெச்சே?"

"பதினேழு தடவைப்பா."

"ஒரே பக்கத்துல போனேனா?"

"பதினாலு தடவை. மூணு தடவை கையெழுத்து அடுத்த பக்கத்துக்குப் போயிடுச்சு."

"அப்ப மூணு தடவை பொழைச்சுட்டேன்னு சொல்லு."

நாங்கள் இருவரும் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டாள். "உலகத்துல வேற பேரே கிடைக்கலையாடி உனக்கு?" என்று ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அது வெறும் மாதிரிம்மா, நிஜத் தாள் இல்லை" என்றேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

பிறகு அந்த 'மாதிரி' என்ற வார்த்தையே எனக்குக் கைகொடுத்தது. மருத்துவமனைக் கவுன்ட்டரில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்த வாரம், அவர்கள் பழகுவதற்காக அடித்த தாளில் ஒன்று நிஜக் கோப்புக்குள் போய்விட்டது. அப்பா பெயரில் ஒரு உடல் கணக்கில் வருகிறது, பிணவறையில் இல்லை. பெரிய ரகளை. மேலிடம் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கியது. அன்றே புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். இந்தப் பெயர் வந்தால் தாளின் குறுக்கே பெரிதாக 'மாதிரி' என்று விழ வேண்டும். பின்னணிப் படமாக வைத்தால் அச்சில் வராமல் ஏமாற்றும் என்பதால் எழுத்தாகவே வைத்தேன், கறுப்புக் கோட்டில், எந்தப் பிரின்டரிலும் தப்பாமல் விழும்படி. மாதிரித் தாளை உடனே இரண்டாகக் கிழித்துவிட வேண்டும் என்று கவுன்ட்டருக்கு ஒரு விதியும் எழுதிக் கொடுத்தேன்.

என்னோடு வேலை பார்ப்பவனுக்கு எங்கள் அலுவலகத்தில் 'கட்டம்' என்று பெயர். அட்டவணைக் கோடு ஒரு மயிரிழை விலகினாலும் சாப்பிடப் போக மாட்டான். அவன்தான் கேட்டான், "அக்கா, அந்தப் பேர்ல நிஜமாவே யாராவது வந்தா?"

"அந்தப் பேரு உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கு. நீ வேலையைப் பாரு" என்றேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெரிய மருத்துவமனை, நான் தாள் செய்துகொடுத்த அதேதான். விடியும்போது அவர் இல்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அப்படியேதான் சொல்ல வேண்டும். அழுகை வரும் என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தேன், வரவில்லை. நர்ஸ் கொடுத்த பையில் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், ஒரு காலுறை. இன்னொரு காலுறையைப் பற்றி விசாரித்தேன். காலையிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. "உங்கப்பா மாதிரி ஒரு மனுஷனைப் பாக்க முடியாதும்மா" என்று எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். ஆமாம் ஆமாம் என்று எல்லாருக்கும் சொன்னேன்.

ஒப்படைப்புக் கவுன்ட்டர் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். விட்டால் திங்கட்கிழமைதான். அதுவரை அப்பா கீழே குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். வெயில் காலத்திலேயே மின்விசிறியைக் குறைக்கச் சொல்லிப் போர்த்திக்கொண்டு படுப்பவர். அம்மா நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதற்கு, "அவரைக் குளிர்ல போட்டுட்டு நான் எங்கேயும் வரலை" என்றாள். அந்தப் பெஞ்சில் அவளால் இரண்டு நாள் உட்கார முடியாது. உட்காரவும் செய்வாள், அதுதான் என் பயம்.

என் முறை வந்தபோது பதினொன்று முப்பத்தைந்து. கவுன்ட்டரில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. பெயரைக் கேட்டார். சொன்னேன். "இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பிரின்டர் முனகித் தாளைத் தள்ளியது.

நான் முதலில் பார்த்தது கையெழுத்துக் கோட்டை. முதல் பக்கத்திலேயே இருந்தது. அடுத்து பெயர்க் கட்டம். ஒரே வரி, ஓரத்தில் ஒரு நகக்கண் இடம் மிச்சம். நல்லாத்தான் வந்திருக்கு என்று நினைத்தேன். நிஜமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் குறுக்கே கிடந்த எழுத்து கண்ணில் பட்டது.

கவுன்ட்டர்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாதிரின்னு விழுது. ஒரு நிமிஷம் இருங்கம்மா." மறுபடி அடித்தார். மறுபடியும் விழுந்தது. பிரின்டரை அணைத்துப் போட்டார், பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது தாளிலும் விழுந்தது. அது விழுந்த விதத்தில் என்னால் எந்தக் குறையும் சொல்ல முடியவில்லை.

"இதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. கீழ வாங்க மாட்டாங்க. பயிற்சித் தாள்னு கிழிச்சுடுவாங்க. இந்த புரோகிராமைச் செஞ்சவங்களைத்தான் கேக்கணும். இன்னைக்கு சனிக்கிழமை, எவன் போனை எடுப்பான்?"

"நான்தாங்க செஞ்சேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். அதனால் குரலைத் தணித்து ஒரு யோசனை சொன்னார். "பேர்ல ஒரு எழுத்தைக் குறைச்சு அடிச்சுப் பாக்கட்டுமா? சில சமயம் அப்படி அடிச்சா சரியா வரும்."

சரியாகவே வரும். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது. ஒரு முன்னெழுத்தை விட்டால் போதும், குறுக்கே ஒன்றும் விழாது, பத்து நிமிடத்தில் அப்பாவை வண்டியில் ஏற்றிவிடலாம். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை கவுன்ட்டரில் எத்தனை பேர் முனக அப்பா நகராமல் நின்றிருக்கிறார்.

"வேண்டாங்க. பெட்டியைக் கழட்ட வேண்டாம்."

"எந்தப் பெட்டி?"

"பேரு முழுசா இருக்கட்டும். பத்து நிமிஷம் கொடுங்க."

போனில் கட்டத்தைக் கூப்பிட்டேன். விஷயம் அவனுக்குக் காலையிலேயே போயிருந்தது. "அக்கா" என்று சொல்லிவிட்டு ஆறுதல் வார்த்தை தேடினான். நான் அவனை அதிலிருந்து காப்பாற்றினேன்.

"லேப்டாப் திறந்து வை. ஒப்படைப்புத் தாள். அதுல மாதிரின்னு விழுற வரி இருக்கே, அதை எடுத்துடு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கவுன்ட்டர் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தெட்டு. எனக்குப் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

"எடுத்துட்டேன்க்கா. சர்வர்ல ஏத்துறதுக்கு முன்னாடி காரணம் கேக்குது. காலியா விட்டா ஏத்த மாட்டேங்குது. என்ன போடட்டும்?"

எந்த மாற்றத்துக்கும் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். அதுவும் நான் கொண்டுவந்த பழக்கம். காரணம் எழுதாமல் கை வைப்பவர்களை நான் சும்மா விட்டதில்லை.

"பேரு உபயோகத்துக்கு வந்துடுச்சுன்னு போடு."

"அக்கா."

"போடு."

போட்டான். ஏற்றியும் விட்டான். நான் கவுன்ட்டர்காரரிடம் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்துவிட்டு அடிக்கச் சொன்னேன். தாள் வந்தது. அப்பாவின் பெயர் ஒரே வரியில் முழுசாக நின்றது. நிற்காமல் என்ன, அவரை வைத்துத்தானே அளவெடுத்தேன். குறுக்கே ஒன்றுமில்லை. என் பன்னிரண்டு வருட வேலையில் இவ்வளவு சுத்தமான தாள் வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"உறவுன்னு இருக்கிற இடத்துல மகள்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். அந்தக் கட்டத்தின் அகலத்தை நிர்ணயித்ததும் நான்தான். மகள் என்று எழுதத் தாராளமாக இடம் இருந்தது.

நான் கையெழுத்துப் போடுவதற்குள் அவர் பழைய மூன்று தாள்களையும் ஒன்றாக அடுக்கி நேர் பாதியாகக் கிழித்தார். "மாதிரித் தாளை உடனே கிழிச்சுடணும். இல்லேன்னா உயிரோட இருக்கிறவங்க பேர்ல எல்லாம் குழப்பமாயிடும்" என்று எனக்கு விளக்கினார். கிழிந்ததைக் காலடியில் இருந்த பெட்டியில் போட்டார். ஒரு பாதியில் 'மா' வரை தெரிந்தது. ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாமோ என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அப்போது தோன்றவில்லை.

வண்டிக்காரரைத் தேடிக்கொண்டு நடைவழிக்கு வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். "ஏன்டி இவ்வளவு நேரம்?"

பொய் சொல்லியிருக்கலாம். பிரின்டர் மக்கர் பண்ணியது என்று சொன்னால் நம்பியிருப்பாள். எனக்குப் பொய்யை யோசிக்கிற தெம்பு இல்லை. "முதல்ல அடிச்ச தாள்ல மாதிரின்னு விழுந்துடுச்சும்மா. அன்னைக்கு அப்பா பேரை வெச்சு ஒண்ணு செஞ்சேன்ல, அது. போன் பண்ணி அதை எடுக்கச் சொன்னேன். இப்ப சரியாயிடுச்சு."

அம்மா தாளை வாங்கினாள். கண்ணாடி போடாமல் தள்ளிப் பிடித்து, பெயரின் மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள், முதல் முன்னெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. திட்டப் போகிறாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"மாதிரின்னே விட்டிருக்கலாமேடி" என்றாள்.

வண்டிக்காரர் வந்து, "பேப்பரைக் குடுங்கம்மா, கீழே காட்டணும்" என்று கையை நீட்டினார். கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. அவர் இரண்டாவது தடவை கேட்டார். என் விரல்கள் தாளை விடவில்லை.