திறந்து கிடந்த ஒரே வாசல்

கணவன் வேட் வீட்டைவிட்டுப் போனதும் ஐலா முதல் வேலையாகப் பூட்டுகளை மாற்றினாள். விவாகரத்து வழக்கும் போட்டாயிற்று. இருந்தும், கனடாவின் தண்டர் பே நகரில் பனி கொட்டிய வாரத்தில் அவன் போனில் கேட்டான்: “புது சோபாவா? கலர் சகிக்கல.”

சோபா வாங்கியதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அண்ணனிடம் புலம்பினாள். “பக்கத்து வீட்ல யாராச்சும் சொல்லிருப்பாங்க. சும்மா கற்பனை பண்ணாத” என்றான் அவன்.

பூட்டுகள் புதிது; ஆனால் வீட்டு இணையத்தை அமைத்தவன் வேட். ஐலா தன் வீட்டு இணைய இணைப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு தோழி நோரீன் வீட்டுக்குப் போனாள். வெளியாள் ஒருவன் அவள் வீட்டு நெட்வொர்க்கில் எந்த வழியாக நுழைய முடியும் என்று வெளியே இருந்துதானே சோதிக்க வேண்டும்? அதற்கான மென்பொருள் ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்த்தது. எல்லாம் மூடியிருந்தன, ஒன்றைத் தவிர. அதைத் திறந்தால், நாயைப் பார்த்துக்கொள்ள அலமாரியில் வைத்த கேமராவின் பக்கம் வந்தது. வேட்டுக்கும் தெரிந்த பழைய கடவுச்சொல்லே போதுமாயிருந்தது. திரையில் அவள் வரவேற்பறை; நடுவில் புது சோபா.

“அடப்பாவி! ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிடி” என்றாள் நோரீன்.

“பொறு. முதல்ல ஆதாரம்.”

எல்லாவற்றையும் படமெடுத்தாள். வீட்டுக்கு வந்து ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்தாள். வேட் வைத்திருந்த அந்த வழியை நீக்கினாள். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினாள். நோரீனை மறுபடி சோதிக்கச் சொன்னாள். “ஈ, எறும்புகூட நுழையாது” என்றாள் நோரீன்.

இருட்டுவதற்குள் போன் அடித்தது.

“கேமராவை என்ன பண்ணின?” வேட்தான்.

“அதை ஏதோ பண்ணினேன்னு உனக்கெப்படித் தெரியும்?”

அவன் குரல் உயர்ந்தது. “அந்த நெட்வொர்க் நான் போட்டது. உனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது. உன் பாதுகாப்புக்குத்தான் வச்சிருந்தேன்.”

ஐலா நிதானமாகச் சொன்னாள். “இப்ப சொன்னியே, இதையே நீதிபதிகிட்டயும் சொல்லு. படமெல்லாம் என் வக்கீல்கிட்ட போயாச்சு.”

“ஐலா, இங்க பாரு…”

“நீ பார்த்ததெல்லாம் போதும்” என்று போனை வைத்தாள். சோபாவில் காலை நீட்டிப் படுத்து, அண்ணனின் எண்ணை அழுத்தினாள். கற்பனை என்று சொன்னவனிடம் அவளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தது.